சுவதேசாபிமானி: அஞ்சுதெங்கு முதல் ஆரல்வாய்மொழி வரை

1910 செப்டம்பர் 26. திருவனந்தபுரத்தில் ஓர் அச்சகத்தைப் போலீஸ் சூழ்ந்து பூட்டி முத்திரை வைத்தது. யந்திரமும் அச்செழுத்தும் சர்க்கார் வசமாயின. ஆசிரியரைப் பிடித்து, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கிழக்கு எல்லையான ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. மன்னர் ஸ்ரீமூலம் திருநாளின் ஒரே விளம்பரத்தில், அதாவது அரச பிரகடனத்தில், பத்திரிகையின் கதை முடிந்தது.

பத்திரிகையின் பெயர் சுவதேசாபிமானி. ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளை. உரிமையாளர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. கேரளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர்கள் இவை. ஆசிரியரைக் கொண்டுபோன சாலையோரத்திலேயே குடியிருக்கும் நம் குமரி மாவட்டப் பக்கத்தில் கேட்டால் பத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் பெரிது. 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூருக்குள், பிறகு திருவிதாங்கூர்-கொச்சிக்குள் இருந்தவை. அந்த விளம்பரம் நம் தாத்தா பாட்டிமாரையும் ஆண்ட அரசின் விளம்பரம். மலையாளப் பத்திரிகை என்பதால் நமக்குச் சம்பந்தமில்லை என்று தள்ளிவிட முடியாது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தலையங்கங்களைப் பற்றியே பேசுகிறார்கள். தலையங்கம் முக்கியந்தான். ஆனால் ஆறாவது வயதில் நல்ல செல்வாக்கோடு இருந்த ஒரு பத்திரிகை ஒரே பகலில் எப்படி முற்றாக நின்றுபோனது என்பதைத் தலையங்கங்களை வைத்து விளக்க முடியாது. யந்திரம் எந்த மண்ணில் நின்றது, எழுத்து எங்கிருந்து வந்தது, யார் பேரில் எது இருந்தது, வெளியேற்றப்பட்டவர் போய்ச் சேர்ந்த ஊரில் என்ன சட்டம் நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

முதலில் மண். பத்திரிகை 1905 ஜனவரி 19 அன்று அஞ்சுதெங்கில் தொடங்கியது. வங்கப் பிரிவினை அந்த ஆண்டு அக்டோபரில்தான் வந்தது. ஆகவே சுதேசி அலையில் பெயர் வைத்துக்கொண்ட பத்திரிகைகளுக்கெல்லாம் இது மூத்தது. அஞ்சுதெங்கு என்பது சிறையின்கீழுக்கு அருகே கடலோரத்தில் கிடக்கும் துண்டு நிலம். ஆற்றிங்கல் ராணியிடம் அனுமதி வாங்கிக் கிழக்கிந்தியக் கம்பெனி பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கோட்டை கட்டியது. அன்று முதல் சுற்றிலும் திருவிதாங்கூர், நடுவில் ஆங்கிலேயர் நிலம் என்று அது தனித்தே இருந்தது. பின்னாளில் திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாகவும் எண்ணப்பட்டு, 1950-ல்தான் திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்தது. கொல்லத்தை ஒட்டிய தங்கசேரியும் இதேபோலத் திருவிதாங்கூருக்கு நடுவே ஆங்கிலேயர் நிலமாக இருந்ததுதான்.

அங்கே அச்சகம் வைத்தால் என்ன லாபம்? ஆங்கிலேயர் நிலத்தில் 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் நடந்தது. அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்ட்ரேட் முன் போய் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு இதழிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும். அதைச் செய்துவிட்டால் திருவிதாங்கூர் மன்னரின் போலீஸ் அந்த வாசலில் நேராகக் கை வைக்க முடியாது. சமஸ்தானத்தில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக இருந்த ரெசிடெண்டைக் கேட்டுத்தான் எதையும் செய்யலாம். சமஸ்தானத்து வாசகருக்காகச் சமஸ்தானத்துக்கு வெளியே, ஆனால் கூப்பிடு தூரத்தில் அச்சிடுவது என்பது நல்ல ஏற்பாடு.

அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. முதல் ஆசிரியர் சிறையின்கீழ் சி. பி. கோவிந்த பிள்ளை விலகியபின் 1906 ஜனவரியில் ராமகிருஷ்ண பிள்ளை வந்தார். அச்சகம் மௌலவியின் ஊரான வக்கத்துக்கு நகர்ந்தது. பிறகு 1907-ல் திருவனந்தபுரத்துக்கே போனது. வக்கம் அஞ்சுதெங்குக்குப் பக்கத்து ஊர்தான், ஆனால் திருவிதாங்கூர் மண். நகர்ந்ததற்குக் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஹஜூர் கச்சேரி என்ற தலைமைச் செயலகம், கல்லூரி, நீதிமன்றம், ஸ்ரீமூலம் பிரஜாசபை என்ற மக்கள் பிரதிநிதிகள் சபை எல்லாம் தலைநகரில். செய்தி கிடைப்பதும் அங்கே, சந்தா கட்டுகிற படித்த வாசகர் இருப்பதும் அங்கே. கடலோரத்திலிருந்து ஆள் அனுப்பிச் செய்தி சேகரித்தால் இரண்டு நாள் பழசாகிவிடும். இருந்தாலும் என் கணிப்பில் பத்திரிகையின் முடிவு எழுதப்பட்டது அந்த இடமாற்றத்தில்தான். யந்திரம் மன்னரின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

ராமகிருஷ்ண பிள்ளை 1878 மே 25 அன்று நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். களியக்காவிளையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். சுவதேசாபிமானிக்கு வருமுன்பே கேரளதர்ப்பணம், கேரளபஞ்சிகா, மலையாளி என்று பல பத்திரிகைகளை நடத்திப் பழகியிருந்தார். மௌலவி 1873-ல் பிறந்த அரபு, இஸ்லாமியக் கல்வி அறிஞர், சீர்திருத்தவாதி. மௌலவி பணத்தைப் போட்டார், ராமகிருஷ்ண பிள்ளை கையில் பேனாவைக் கொடுத்தார், எழுதுவதில் தலையிடவில்லை. பத்திரிகை உரிமையாளர்களில் இப்படி நடந்துகொண்டவர்கள் மிகக் குறைவு. பயமும் கபடமும் பேராசையும் ஒரு நாட்டை வளர்க்காது என்ற பொருளுள்ள அடியைப் பத்திரிகையின் கொள்கையாக வைத்தார்கள். உரிமையாளர் அதைத் தன் சொத்து விஷயத்திலும் கடைப்பிடித்தார்.

இனி அச்சகத்துக்குள் போவோம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கல்யாணக் கடிதம் அடித்த பழைய ட்ரெடில் (காலால் மிதித்து ஓட்டும்) அச்சகங்களைப் பார்த்தவர்களுக்கு இது பாதி தெரிந்த கதை. நம் பக்கத்தில் அச்சுத் தொழில் பழசு. லண்டன் மிஷன் நாகர்கோவிலில் அச்சகம் வைத்தது 1820-களின் தொடக்கத்தில்.

மௌலவி இங்கிலாந்திலிருந்து தருவித்தது பிளாட்பெட் யந்திரம். பாரம், அதாவது கோர்த்து இறுக்கிய எழுத்துப் பக்கம், படுக்கையில் கிடக்கும், அதன்மேல் உருளை உருண்டு தாளை அழுத்தும். அதற்கு முந்தைய கைப்பிடி அச்சில் இரண்டு பேர், ஒருவர் மை தடவ ஒருவர் இழுக்க, மணிக்கு இருநூறு இருநூற்றைம்பது பக்கம் வந்தால் நல்ல நாள். அதுவும் ஒரு பக்கந்தான், மறுபக்கம் அடிக்க அதே உழைப்பு மறுபடியும். ஆயிரம் பிரதி என்றால் ஒரு பகல் முழுக்க அதிலேயே போய்விடும். பிளாட்பெட்டில் அதே வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அரசியல் பத்திரிகைக்கு இது வசதி மட்டுமில்லை. கடைசி நேரத்துச் செய்தியை ராத்திரி சேர்த்து விடிகாலையில் அஞ்சலில் போட முடிவது இதனால்தான்.

ஆனால் யந்திரத்தைவிட அரிய சொத்து எழுத்து. ஈயமும் ஆன்டிமனியும் தகரமும் சேர்ந்த கலவையில் வார்த்த தனித்தனி எழுத்துகள். ஒவ்வொன்றும் 0.918 அங்குல உயரம். ஒன்று தேய்ந்து உயரம் குறைந்தால் அந்த இடத்தில் மை ஏறாது, சொல் ஓட்டை விழும். தமிழுக்கு எழுத்துப் பெட்டி சமாளிக்கக் கூடிய அளவில் இருந்தது. ‘கொ’ வேண்டுமென்றால் ஒற்றைக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டை அடுத்தடுத்து வைத்தால் போதும். கு, கூ வரிசைகளுக்கு 36 தனி எழுத்து. 1978 சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றுக்கும் தனி வார்ப்பு. அவ்வளவுதான். மலையாளத்தின் பழைய லிபி அப்படியில்லை. கூட்டெழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி வார்ப்பு, உகர ஊகாரம் சேர்ந்தால் இன்னொன்று, கூட்டெழுத்தோடு உகரம் சேர்ந்தால் மற்றொன்று. நூற்றுக்கணக்கான அறைகள் உள்ள பெட்டியைச் சுற்றிக் கம்பாசிட்டர் நடந்துகொண்டே கோர்க்க வேண்டும். 1971-ல் கேரள அரசு லிபியைக் குறைத்தபின்தான் அந்தச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது.

வேலை நடக்கும் முறை இது. ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியைத் துண்டு துண்டாக வெட்டிக் கம்பாசிட்டர்களுக்குப் பங்கு போடுவார்கள். இடது கையில் எழுத்தை வரியாக அடுக்கும் ஸ்டிக், வலது கை பெட்டியில். வரி நிறைந்ததும் ஸ்பேஸ் போட்டு இறுக்கி, பத்துப் பன்னிரண்டு வரி சேர்ந்ததும் காலி என்ற நீளத் தட்டில் இறக்குவார்கள். காலியில் மை தடவி ஒரு புரூப் எடுத்துத் திருத்தம் பார்ப்பார்கள். திருத்தியபின் பக்கம் பக்கமாகக் கட்டி, இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, சுற்றிலும் மரக்கட்டை கொடுத்து, ஆப்பால் இறுக்கினால் அது பாரம். நன்றாக இறுகியதா என்று தெரிய ஒரு மூலையை லேசாகத் தூக்கி விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். எழுத்து அசைந்தால் மறுபடி இறுக்க வேண்டும். இறுக்கம் போதாமல் தூக்கினால் நடுவிலிருந்து எழுத்து கொட்டும். கொட்டிய பக்கத்தை மறுபடி கோர்ப்பதைவிடப் புதிதாகக் கோர்ப்பதே சீக்கிரம் முடியும். ஆங்கிலத்தில் தேர்ந்த கம்பாசிட்டர் மணிக்கு ஆயிரம் எழுத்துக்கு மேல் கோர்ப்பார். அந்தப் பழைய மலையாளப் பெட்டியில் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

அச்சடித்தபின்பும் வேலை முடிவதில்லை. பாரத்தைக் கழுவி, எழுத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து அதனதன் அறையில் போட வேண்டும். சிறிய அச்சகத்தில் ஒரு இதழுக்கான எழுத்துதான் இருக்கும். இந்த வாரப் பக்கங்களைப் பிரிக்காமல் அடுத்த வாரத்தைத் தொடங்க முடியாது. மழைக்காலத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், இரண்டாம் பக்கம் அடிக்கும்போது ஓரம் பொருந்தாது. மை ரோலர்களோ பசையும் வெல்லப்பாகும் சேர்த்து வார்த்தவை. வெயில் காலத்தில் இளகி எழுத்தில் ஒட்டும், மழையில் நீர் கோத்து மையை ஏற்காது. கடற்கரை ஊரில் உப்புக்காற்று வேறு. ரோலரை அடிக்கடி உருக்கி மறுபடி வார்ப்பது அச்சகத்தின் வழக்கமான வேலைகளில் ஒன்று.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. போலீஸ் ஓர் அச்சகத்தைப் பூட்டினால் பூட்டப்படுவது ஒரு கட்டடம் மட்டுமில்லை. பல வருடம் சேர்த்த எழுத்தும், கோர்த்து நிற்கும் பக்கங்களும், அதைக் கையாளப் பழகிய ஆட்களின் பிழைப்பும் சேர்ந்து உள்ளே மாட்டுகின்றன. மலையாள எழுத்து எந்தச் சந்தையிலும் கிலோக் கணக்கில் கிடைக்காது. வார்ப்பாலையில் சொல்லி வைத்து, மாதக்கணக்கில் காத்து, மொத்தமாகப் பணம் கட்டி வாங்க வேண்டும். பேனாவைப் பறித்தால் இன்னொரு பேனா கிடைக்கும். எழுத்தைப் பறித்தால் பத்திரிகை நிற்கும். இதைத் திருவிதாங்கூர் சர்க்கார் நன்றாகவே அறிந்திருந்தது.

பத்திரிகை எழுதியது என்ன? அதிகாரிகளின் லஞ்சம், அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்த சங்கரன் தம்பி போன்றோரின் தலையீடு, அரண்மனைச் செலவுகள், 1907-ல் திவானாக (தலைமை அமைச்சராக) வந்த பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகமும் நடத்தையும். பெயர் சொல்லி எழுதினார்கள். மன்னர் தெய்வத்தின் பிரதிநிதி என்ற எண்ணத்தையே கேள்வி கேட்டார்கள். ஆங்கிலேயரைத் திட்டுவதைவிடச் சமஸ்தானத்தில் இது ஆபத்தானது. ஆங்கிலேயர் தூரத்தில், அரண்மனை அடுத்த தெருவில்.

இங்கே நம் பக்கத்து வாசகர் இரண்டு விஷயங்களைக் கண்ணை மூடாமல் பார்க்க வேண்டும். 1891-ல் மன்னரிடம் கொடுத்த மலையாளி மெமோரியல் என்ற மனுவின் காலந்தொட்டே திருவிதாங்கூர் அரசியலில் ‘பரதேசத்து’ அதிகாரிகளுக்கு எதிரான குரல் இருந்தது. உயர்ந்த வேலைகளில் தமிழ்ப் பிராமணர்கள் நிறைந்திருந்தார்கள் என்பது உண்மை, அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. சுவதேசாபிமானியும் அந்தக் குரலின் தொடர்ச்சிதான். இரண்டாவது, இன்னும் கனமானது. 1910-ல் ஒடுக்கப்பட்ட சாதியினரான புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் விஷயம் வந்தபோது சுவதேசாபிமானி அதை எதிர்த்து எழுதியது. பல தலைமுறையாகப் படித்து வந்தவர்களின் பிள்ளைகளோடு வயலில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைப்பது பொருந்தாது என்று, மிருகங்களை நுகத்தில் பூட்டுவதோடு ஒப்பிட்டு எழுதினார் ராமகிருஷ்ண பிள்ளை. அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள வெங்ஙானூரில்தான் புலையர் தலைவர் அய்யன்காளி அந்தப் பிள்ளைகளுக்காகப் போராடிக்கொண்டிருந்தார். பத்திரிகை தாக்கிய அதே திவானின் காலத்தில்தான் அய்யன்காளி பிரஜாசபைக்கு நியமிக்கப்பட்டு 1912-ல் அங்கே பேசினார். இதைக் காலத்தின் குறை என்று மழுப்பக் கூடாது. அதே காலத்தில், அதே மண்ணில், சரியானதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். அரசனுக்கு அஞ்சாத பேனா சாதிக்கு முன் வளைந்தது. வெளியேற்றம் அநியாயம் என்பதும் இந்தத் தலையங்கம் அநியாயம் என்பதும் இரண்டுமே உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிற கட்டுரைகள் இரண்டு பக்கத்திலும் நிறைய வருகின்றன.

அதே வருடங்களில் கிழக்கே, மலைக்கு அந்தப்புறம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கலவரம். அந்த ஆண்டே ‘இந்தியா’ பத்திரிகையின் பதிவுபெற்ற ஆசிரியர் சீனிவாசன் கைதாகி ஐந்தாண்டு தண்டனை பெற்றார். எழுதிய பாரதி புதுச்சேரிக்குப் போய், பிரெஞ்சு மண்ணிலிருந்து பத்திரிகையை மறுபடி தொடங்கினார். 1867 சட்டப்படி காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்மீதுதான் முதல் அடி விழும். எழுதுகிறவர் ஒருவர், பெயர் கொடுக்கிறவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு இதனால்தான் பல பத்திரிகைகளில் இருந்தது. சுவதேசாபிமானியில் அப்படிப்பட்ட மறைப்பு எதுவும் இல்லை. எழுதியவரே ஆசிரியர்.

பிறகு 1910 பிப்ரவரியில் இந்திய அச்சகச் சட்டம். புதிதாக அச்சகம் வைப்பவர் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் கட்ட வேண்டும். ஏற்கெனவே இருக்கும் அச்சகத்திடம் 5,000 வரை கேட்கலாம். எழுதியது பிடிக்கவில்லை என்றால் அந்தத் தொகை பறிமுதல். தொடர வேண்டுமென்றால் 1,000 முதல் 10,000 வரை புதிய ஜாமீன். மறுபடி தவறினால் அச்சகமே பறிபோகும். அஞ்சலில் வரும் கட்டைப் பிரித்துத் தடுத்து வைக்கவும் அதிகாரம் உண்டு. எல்லைக்கு வெளியே அச்சிட்டு உள்ளே அனுப்பும் பத்திரிகைகளுக்கு அந்தக் கடைசி விதிதான் பெரிய கண்ணி. வாசகரின் கைக்குப் போய்ச் சேராத பத்திரிகை யந்திரம் ஓடினாலும் செத்ததுதான். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வழி அடைபட்ட ‘இந்தியா’ 1910 மார்ச்சில் நின்றது.

இருந்தும் பிரிட்டிஷ் சட்டத்தில் ஒரு வாசல் இருந்தது. ஜாமீன் பறிமுதலை எதிர்த்து ஹைகோர்ட்டுக்குப் போகலாம், வெல்வது கடினமென்றாலும். திருவிதாங்கூரில் அந்த ஆண்டு பத்திரிகைக்கென்று தனிச் சட்டமே கிடையாது. சட்டம் இல்லாதது சுதந்திரம் போலத் தோன்றும். நடைமுறையில் அது தலைகீழ். மீறியதாகக் காட்ட வேண்டிய விதி இல்லை, நிரூபிக்க வேண்டிய குற்றம் இல்லை, முறையிட நீதிமன்றம் இல்லை. மன்னர் கையெழுத்திட்டால் போதும்.

அப்படித்தான் கொல்லம் ஆண்டு 1086 கன்னி 10, அதாவது 1910 செப்டம்பர் 26 அன்று நடந்தது. பத்திரிகையை ஒடுக்குவது, அச்சகத்தைக் கைப்பற்றுவது, ஆசிரியரை நாட்டைவிட்டு அகற்றுவது என்று மூன்றும் ஒரே ஆணையில். கொல்லத்திலிருந்து புனலூர், செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலிக்கு 1904 முதல் ரயில் ஓடியது. தெற்கே போகும் பாதையில் தண்டவாளமே இல்லை, திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரயில் 1979-ல்தான் வந்தது. அவரைக் கொண்டுபோனது தெற்குச் சாலையில். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, தக்கலை, நாகர்கோவில், தோவாளை என்று ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அவர் பிறந்த ஊர் வழியாகவே அந்தச் சாலை போகிறது. இரண்டு மலைக்கு நடுவே காற்று ஓயாமல் அடிக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் பிரிட்டிஷ் சீமை. 1809 பிப்ரவரி 10-ல் ஆங்கிலேயரை எதிர்த்த திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பியின் படை காத்த அரணை ஆங்கிலேயர் உடைத்து நுழைந்ததும் இதே இடத்தில்தான். நூறு ஆண்டு கழித்து அந்த வாசல் எதிர்த் திசையில், உள்ளிருந்து ஒருவரை வெளியே தள்ளப் பயன்பட்டது.

வெளியே தள்ளப்பட்டவர் வந்து சேர்ந்த திருநெல்வேலி அந்த நேரத்தில் போலீஸ் கண்காணிப்பு மிகுந்த ஜில்லாக்களில் ஒன்று. வ.உ.சி. சிறையில். ஒன்பது மாதத்தில், 1911 ஜூன் 17 அன்று, மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர், அதாவது அவரும் திருவிதாங்கூர்க் குடிமகன். அப்படிப்பட்ட ஊரில், புதிய ஜாமீன் சட்டம் அமலில் இருக்க, கையில் பணமில்லாத ஒருவர் மலையாளப் பத்திரிகையை மறுபடி தொடங்குவது நடக்கிற காரியமில்லை. எல்லைக்கு அந்தப்புறம் மன்னரின் விளம்பரம், இந்தப்புறம் ஆங்கிலேயரின் ஜாமீன்.

ராமகிருஷ்ண பிள்ளை சென்னை, பாலக்காடு என்று அலைந்தார். எழுத்தை விடவில்லை. 1912-ல் பத்திரிகைத் தொழிலைப் பற்றி மலையாளத்தில் ஒரு முழுநூல் வெளியிட்டார். செய்தி சேகரிப்பது, எழுதுவது, நடத்துவது என்று தொழிலையே பாடமாக்கிய நூல். அதே ஆண்டு கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். ரஷ்யப் புரட்சிக்கு ஐந்து ஆண்டுக்கு முன்பு, இந்திய மொழி ஒன்றில்! கடைசியில் மனைவி பி. கல்யாணி அம்மாவின் ஆசிரியை வேலை நிமித்தம் கண்ணூருக்குப் போனார்கள். காசநோய் முற்றி 1916 மார்ச் 28 அன்று அங்கே இறந்தார். வயது 37. பையாம்பலம் கடற்கரையில் அடக்கம்.

மௌலவி தனக்கு எதிராக எந்தக் குற்றமும் சொல்லப்படாமலே யந்திரத்தை இழந்தார். ஆசிரியரைக் கைவிட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டு யந்திரத்தை மீட்க அவர் போகவில்லை. 1932-ல் இறக்கும்வரை அது திரும்ப வரவில்லை.

சமஸ்தானம் இதிலிருந்து என்ன கற்றது என்பது 1926-ல் தெரிந்தது. திவான் வாட்ஸ் காலத்தில் வந்த பத்திரிகை ரெகுலேஷன், உரிமம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்றாக்கியது. பத்திரிகையாசிரியர் கேசரி பாலகிருஷ்ண பிள்ளை ஒரு பத்திரிகையின் உரிமம் போனால் இன்னொரு பெயரில் தொடங்கி அதைச் சமாளித்துப் பார்த்தார். 1938-ல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் கோட்டயத்தில் மலையாள மனோரமா பத்திரிகையைப் பூட்டியபோது, அவர்கள் கொச்சி சமஸ்தானத்திலிருந்த குன்னங்குளத்துக்குப் போய் அங்கிருந்து சில மாதம் அச்சிட்டார்கள். எல்லையைத் தாண்டி யந்திரம் கிடைத்தது, அதனால் குரல் கொஞ்ச நாளாவது நீடித்தது. அஞ்சுதெங்கின் அருமை அப்போதுதான் முழுதாகப் புரிகிறது.

1957-ல் திருவனந்தபுரம் பாளையத்தில் ராமகிருஷ்ண பிள்ளைக்குச் சிலை வைத்தார்கள். அச்சகம் மௌலவியின் குடும்பத்துக்குத் திரும்பியது 1968 ஜனவரி 26 அன்று, இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு கேரள முதலமைச்சராக இருந்தபோது. பறித்து 57 ஆண்டு ஆகியிருந்தது. ஆசிரியரின் சிலைக்கும் உரிமையாளரின் யந்திரத்துக்கும் நடுவே பதினொரு வருட இடைவெளி. சொத்தை இழந்தவரின் நினைவு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது.

இந்தக் காலத்துப் பத்திரிகைகளையும் ஆவணங்களையும் தேடப் போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். தேதிகள் கொல்லம் ஆண்டில் இருக்கும். சிங்ஙம் முதல் தனு பாதி வரை, அதாவது ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடிய, 824 கூட்ட வேண்டும். ஜனவரி முதல் ஆகஸ்ட் நடு வரை 825. 1086 கன்னி 10 என்றால் 1910 செப்டம்பர் 26. பத்திரிகை தொடங்கியது 1080 மகரம், ஆகவே 1905 ஜனவரி. மாதப் பெயர் ராசிப் பெயராக இருப்பதால் நம் ஆட்கள் தடுமாறுவார்கள்: கன்னி நமக்குப் புரட்டாசி, மகரம் நமக்குத் தை. வட மலபாரில் கொல்லம் ஆண்டு கன்னி முதல் தேதியில்தான் பிறக்கும். அதனால் கண்ணூர்ப் பக்கத்து ஆவணத்தில் சிங்ஙம் மாதம் என்று கண்டால் ஆண்டு எண் ஒன்று குறைந்திருக்கும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய பிரமாணம் (சொத்துப் பத்திரம்) பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கும் அந்தப் பழைய மலையாள லிபியும் சுலபமாக வரும். எல்லையோரத்துத் தமிழருக்கு இந்த ஆராய்ச்சியில் உள்ள அனுகூலம் அது.

திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் சர்க்கார் தரப்புக் கோப்புகளைக் கேட்கலாம். பழைய மலையாள இதழ்களுக்குத் திருச்சூரில் அப்பன் தம்புரான் நினைவகம் நல்ல இடம். அந்தக் காலச் சென்னை அரசு, தமிழ், மலையாளப் பத்திரிகைகளிலிருந்து வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கி ரகசிய அறிக்கை தயாரித்தது. மூல இதழ் அழிந்துபோன இடத்தில் அது உதவும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் எடுத்தது அரசைப் பயமுறுத்தும் வரிகளைத்தான். விளைச்சல் செய்தியையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டார். அதை மட்டும் படித்தால் ஒவ்வொரு பத்திரிகையும் வாராவாரம் புரட்சி செய்ததாகத் தோன்றும்.

வீட்டுப் பரணில் பழைய இதழ் கிடைத்தால் மடிப்பைப் பலவந்தமாகப் பிரிக்காதீர்கள். மரக்கூழ்த் தாள் அமிலம் ஏறி மடிப்பில்தான் முதலில் உடையும். செலோடேப் ஒட்டக் கூடாது, பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. தட்டையான அட்டைக்கு நடுவில் வைத்து, ஃப்ளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து படம் எடுங்கள். தலைப்புப் பக்கத்தோடு கடைசிப் பக்கத்தின் அடிவரியையும் தவறாமல் எடுக்க வேண்டும். அச்சிட்டவர் பெயரும் அச்சகமும் அங்கேதான் இருக்கும்.